மிதி, மூன்றாவது பெடலை!

“ஐயய்யோ..!”

அலறல் காருக்குள்ளிருந்து வந்தது.

காலை பத்து மணி. ஒர்க் ஷாப்பின் ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பள்ளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் நின்று, காரின் வயிற்றில் டார்ச் அடித்துக்கொண்டிருந்த கிளட்சக்கா, சட்டென்று தலையைத் தூக்கினாள்.

டங்!

சைலன்ஸர்!

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே படியேறி வெளியே வந்தாள். முன்சீட்டில் அவள் கணவன். மடியில் லேப்டாப். முகம் வெள்ளைக் காகிதம்.

“ஷாக் அடிச்சிடுச்சா?”

“இல்ல...”

“பல்லியா?”

“இல்லம்மா...”

“பின்ன எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க? மண்டை உடைஞ்சிருக்கும் எனக்கு!”

அவன் லேப்டாப் திரையை அவள் பக்கம் திருப்பினான். 

“கொலை!”

“என்னது?”

“கொலைம்மா... கொலை! இந்தக் கார் ஒரு ஆளைக் கொன்னிருக்கு!”

கிளட்சக்கா பெருமூச்சு விட்டாள்.

“அதான் ஊருக்கே தெரியுமே. பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டான். ‘தானாக நகர்ந்த கார், தொழிலதிபர் பலி’ன்னு. தெரிஞ்சுதானே வேலைக்கு எடுத்தோம்?”

“தானா நகர்ந்திருந்தா நான் ஏன் கத்தறேன்?”

கிளட்சக்கா நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.



“எழுந்திருங்க. நகருங்க. காட்டுங்க!” என்றாள் அவள்.

*

கிளட்சக்கா.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கே பாதி மறந்துவிட்டது. தொழிலில் எல்லோருக்கும் அவள் கிளட்சக்கா. செமி-ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார்களை மூன்று பெடல் மேனுவலாக மாற்றுவதில் அவள் ஒரு ராட்சசி.

இந்த வகைக் கார்களில் கியர்பாக்ஸ் என்னவோ சாதாரண கியர்பாக்ஸ்தான். ஆனால் கிளட்சை மிதிக்கக் கால் கிடையாது. ஆயில் பம்ப் ஒன்று மிதிக்கும். கியர் போடக் கை கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் பெட்டி போடும். ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி நிற்கும் இரண்டு தகடுகளைத் தட்டுவது மட்டும். வலது காது, மேல் கியர். இடது காது, கீழ் கியர்.

“வண்டி ஓட்டறதா, டி.வி. ரிமோட் அமுக்கறதா?” என்று காறித் துப்பாத குறையாகக் கேட்பாள் கிளட்சக்கா. பம்பைக் கழற்றுவாள். பெட்டியைக் கழற்றுவாள். காதுகளை அறுப்பாள். நடுவில் ஒரு கியர் ராடை நட்டு, காலடியில் மூன்றாவதாக ஒரு பெடலை மாட்டி, “இப்ப ஓட்டுங்க, உடம்பு சிலிர்க்கும்!” என்பாள்.

சிலிர்க்கும்!

கழற்றி மாட்டுவது அவள். கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் கணவன். அதனால் அவனுக்குப் பெயர் லேப்டாப். காதல் கல்யாணம். காதலிக்கும்போதும் அவன் மடியில் அதுதான் இருந்தது.

*

“இதோ பாரு” என்றான் லேப்டாப். “பழைய பெட்டியைக் கழட்டறதுக்கு முன்னாடி, போன வாரம் அதுல இருந்ததைக் காப்பி எடுத்து வெச்சேன் இல்ல?”

“எப்பவும் எடுக்கறதுதானே.”

“இன்னிக்குத்தான் தொறந்தேன். கடைசியா எப்ப எந்த கியர் விழுந்துச்சுன்னு பெட்டி குறிச்சு வெச்சிருக்கு. அந்த ஆள் செத்த தேதி. பதினொண்ணு நாப்பத்திரண்டு. ரிவர்ஸ் கியர்.”

“சரி, அதான் தானா விழுந்துச்சுன்னு...”

“தானா எப்படி விழும்? இந்தக் கார்ல ரிவர்ஸுக்குத் தனி லீவர். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அந்த லீவரை இழுத்தாத்தான் விழும். இதோ... பிரேக், மிதிச்சாச்சு. டிரைவர் கதவு, மூடியிருக்கு. அதுக்கடுத்த செகண்ட்... ஆக்ஸிலரேட்டர் எவ்வளவுன்னு நீயே படி!”

படித்தாள்.

தொண்ணூற்று நான்கு சதவீதம்!

கிளட்சக்காவின் கையிலிருந்த டார்ச் அணைந்து எரிந்தது. கட்டைவிரல் தானாக அமுக்கியிருந்தது.

“அப்போ உள்ள ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்...”

“உட்கார்ந்து, பின்னால நின்ன மனுஷனைச் சுவரோட சேர்த்து...” லேப்டாப் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினான். “தானா போன காருக்குக் கால் எங்கேர்ந்தும்மா முளைச்சுது?”

அவளுக்கு இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

காரின் சொந்தக்காரர் ஒரு பில்டர். செத்துப்போனது அவருடைய பார்ட்னர். பில்டர் வீட்டு கராஜில், காருக்கும் சுவருக்கும் நடுவே. போலீஸ் விபத்து என்று ஃபைலை மூடி, காரைத் திருப்பிக் கொடுத்ததும், பில்டர் அதை லாரியில் ஏற்றி நேராக இங்கேதான் கொண்டு வந்தார்.

“இந்த ஆட்டோமேட்டிக் சனியன் என் ஃப்ரெண்டைத் தின்னுடுச்சும்மா. பிடுங்கி எறிஞ்சிட்டு மேனுவலா மாத்திக் குடுங்க” என்று கண் கலங்கினார். அவளுக்கும் கண் கலங்கியது.

போகும்போது அவர் சொன்ன கடைசி வார்த்தைதான் இப்போது குத்தியது.

“கழட்டற சாமான் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு என்கிட்ட குடுத்துடணும். முக்கியமா அந்தப் பெட்டி.”

துக்கத்தில் இருக்கிறவர் இரும்புப் பெட்டியைக் கேட்பாரா?

“என்னங்க... போனை எடுங்க. மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க!”

*

மாப்பிள்ளை என்றால் அவள் தங்கையின் கணவர். லேப்டாப்புக்குச் சகலை. ஊருக்கு இன்ஸ்பெக்டர்.

அந்த ஃபைலை மூடியவரும் அவரேதான்!

“அண்ணி... காலங்கார்த்தால விளையாடறீங்களா?” ஸ்பீக்கரில் இன்ஸ்பெக்டரின் குரல் உடைந்தது. “டெக்னிக்கல் ரிப்போர்ட் வாங்கித்தானே மூடினேன்! பிரேக் நல்லா இருக்கு, டயர் நல்லா இருக்கு, ஏ.சி. நல்லா இருக்கு...”

“ஏ.சி. எதுக்கு மாப்ள பார்த்தீங்க?”

“வெயிலா இருந்துச்சு அண்ணி.”

“கியர் போடற கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தீங்களா?”



“அதுல பார்க்கறதுக்கு ஏதாவது இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். ஆனா அந்த பில்டர் அழகா ஸ்டேட்மென்ட் குடுத்தாரே! எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரல்ல போட்டுட்டு, ஃபைல் எடுக்க வீட்டுக்குள்ள போனேன், சத்தம் கேட்டு ஓடி வந்தேன்னு...”

“பொய்!”

“பொய்தான் போல. அண்ணி, அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. நான் அரை மணி நேரத்துல வரேன். அதுக்குள்ள அவர் வந்தா?”

“பன்னெண்டு மணிக்குத்தான் வரதா சொன்னார்...”

வாசலில் டாக்ஸி கதவு சாத்தும் சத்தம்.

“கிளட்சம்மா! வண்டி ரெடியா?”

பில்டர்!

*

ஆறடி உயரம். அயர்ன் கலையாத சட்டை. ஆனால் கண்ணுக்குக் கீழே இரண்டு வாரத் தூக்கம் பாக்கி. டாக்ஸி அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

லேப்டாப், லேப்டாப்பைப் படாரென்று மூடினான்.

“சீக்கிரம் வந்துட்டேன், தப்பில்லையே?” என்றார் பில்டர்.

“சேச்சே... உட்காருங்க சார். ஏங்க, சாருக்கு ஸ்டூல் போடுங்க. அது வேணாம், கிரீஸ். இதுவும் கிரீஸ். நின்னுக்கிட்டே இருங்க சார்!”

“உட்கார வரலை. சாக்கு எங்க?”

சுவரோரம் இருந்தது சாக்கு. பம்ப், குழாய்கள், அறுத்த காதுகள், அந்தப் பெட்டி. பில்டர் சாக்கின் வாயைப் பிரித்து எண்ணாமலே பெட்டியை மட்டும் தொட்டுப் பார்த்தார். தோள் இரண்டு அங்குலம் இறங்கியது. நிம்மதி!

“வண்டியை எடுத்துக்கறேன். என் வீட்டுக்காரி வந்துட்டிருக்கா.”

“இப்ப முடியாது சார்” என்றாள் கிளட்சக்கா. அரை மணி... அரை மணி... எப்படி இழுப்பது? “இரும்பு வேலை முடிஞ்சுது. புரோகிராம் இன்னும் ஏத்தலை. எஞ்சின் கம்ப்யூட்டர் இப்பவும் பழைய பெட்டியைத் தேடிக்கிட்டே இருக்கு. காணோம்னா அது பயந்துடும். எஞ்சினைக் கட்டிப் போட்டுடும். ஸ்டார்ட் ஆகும், நகரும், ஆனா சைக்கிளைக்கூடத் தாண்டாது.”

“பரவால்ல. லாரியில ஏத்திக்கறேன்.”

“அவசரப்படாதீங்க சார், ஒரு மணி நேரம்!” லேப்டாப் நடுவில் புகுந்தான். தொழில் பெருமை வந்துவிட்டால் அவன் வாய்க்குப் பிரேக் கிடையாது. “அந்தப் பெட்டியில இருந்த எல்லாத்தையும் ஒரு எழுத்து விடாம காப்பி எடுத்து வெச்சிருக்கேன்! அதை வெச்சு...”

கிளட்சக்கா அவன் காலை மிதித்தாள். கிளட்ச் மாதிரி, அடிவரைக்கும்.

லேட்!

பில்டரின் முகம் வெளிறிப்போனது.

“எல்லாத்தையும்னா..?”

“எ... எல்லாம்னா... எல்லாம் இல்ல சார். ரேடியோ ஸ்டேஷன் மட்டும்...”

பில்டரின் கை பக்கத்து மேஜையைத் துழாவியது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் அகப்பட்டது. மறுவிநாடி அது லேப்டாப்பின் கழுத்தில் இருந்தது!

“அதைக் குடு! அந்தக் கம்ப்யூட்டரைக் குடு!”

“சார்... சார்... இது ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் சார். குத்தினா பூ டிசைன்ல ஓட்டை விழும் சார்!”

“நடடா! கார்ல ஏறு!”

கிளட்சக்கா ஓரடி முன்னால் வைத்தாள். வைத்தவள் நின்றாள். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்திருந்த கை, தந்தியடிப்பது போல் நடுங்குவதைப் பார்த்தாள். ஆளைக் கொன்ற கையா இது?

“சார், அவரை விட்டுடுங்க. அவர் இல்லேன்னா எனக்குப் புரோகிராம் போட ஆளில்ல!”

“அதுக்கு மட்டுந்தானா நான்?” அந்த நிலையிலும் லேப்டாப்புக்குக் கோபம் வந்தது.

இரண்டு பேரும் காருக்குள் போனார்கள். லேப்டாப் இடப்பக்கம் தள்ளப்பட்டான். பில்டர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாவியைத் திருகினார்.

எஞ்சின் உறுமியது!

முடிந்தது, போய்விடுவார்கள் என்று கிளட்சக்கா நெஞ்சைப் பிடித்தாள்.

கார் நகரவில்லை.

ஜன்னல் வழியாகக் குரல்கள் வந்தன.

“எதை மிதிக்கணும்?” இது பில்டர்.

“எங்கே சார் போகணும்?”

“முன்னால, முட்டாள்!”

“அப்போ இடது கால்ல கிளட்சை மிதிங்க.”

“கிளட்ச் எது?”

“இடது கோடி சார். ஐயோ, அது ஹேண்ட் பிரேக்... சரி, அதுவும் எடுக்க வேண்டியதுதான். இப்ப கியர் போடுங்க.”

க்ரீச்! கிளட்சக்காவுக்குப் பல் கூசியது. அவள் செய்த ராடு!

“மெதுவா சார்! அது புதுசு! இப்ப கிளட்சை விடுங்க.”

“எங்கே விடறது?”

“காலைத் தூக்குங்க சார்!”

“எந்தக் காலை?”

பில்டர் இரண்டு காலையும் தூக்கினார்.

கார் ஒரு துள்ளு துள்ளியது. பின்பக்கமாக! பள்ளத்தைத் தாண்டி, கம்ப்ரஸரை மயிரிழையில் விட்டு, பின்னால் அடுக்கியிருந்த பழைய டயர் மலையில் போய் ‘தொப்’பென்று உட்கார்ந்து அணைந்தது. மேலேயிருந்த ஒரு டயர் நிதானமாக உருண்டு வந்து கூரையில் படுத்தது.



“சார்” என்றது லேப்டாப்பின் குரல். “நீங்க போட்டது ரிவர்ஸு.”

*

இன்ஸ்பெக்டர் வந்தபோது பில்டர் சீட்டிலேயே முகத்தைக் கையில் புதைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூ டிரைவரை லேப்டாப் எப்போதோ வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தான்.

“ஹா! மாட்டினீங்களா!” இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். “யூ ஆர் அண்டர்...”

“மாப்ள, ஒரு நிமிஷம்.”

“அண்ணி, டயலாக் நடுவுல பேசாதீங்க!”

“இவர் கொலை பண்ணல.”

இன்ஸ்பெக்டரின் கை அந்தரத்தில் நின்றது.

“என்ன அண்ணி நீங்க... நீங்கதானே போன் பண்ணி...”

“இவருக்குக் கார் ஓட்டவே தெரியாது! கிளட்ச் எது, ஹேண்ட் பிரேக் எதுன்னு தெரியல. ஹேண்ட் பிரேக்கைக் காலால தேடறார்! இவர் எப்படி பிரேக்கை மிதிச்சு, லீவரை இழுத்து, தொண்ணூத்தி நாலு சதவீதம் கொடுத்திருப்பார்?”

“லைசென்ஸ் காப்பி குடுத்திருக்காரே!”

எல்லோரும் பில்டரைப் பார்த்தார்கள். பில்டர் தரையைப் பார்த்தார்.

“அது... ஏஜென்ட் வாங்கிக் குடுத்தார். பதினெட்டு வருஷமா எனக்கு டிரைவர்தான்.”

“அப்ப அந்த ஸ்டேட்மென்ட்? நியூட்ரல் கியூட்ரல்னு எழுதியிருந்தீங்களே?”



கிளட்சக்கா கேட்டாள். “மாப்ள, அதை எழுதினது யாரு?”

“இவருக்குக் கை நடுங்குதுன்னு, இவரோட சம்சாரம் எழுதினாங்க. இவர் கையெழுத்து மட்டும்...”

இன்ஸ்பெக்டர் தான் சொன்னதைத் தானே கேட்டார். வாய் மெதுவாகத் திறந்தது.

பில்டரின் போன் அடித்தது!

திரையில் ‘வீட்டம்மா’.

“எடுங்க” என்றாள் கிளட்சக்கா. “ஒண்ணும் சொல்லாதீங்க. ‘வா’ன்னு மட்டும் சொல்லுங்க.”

பில்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்களில் தண்ணீர் முட்டி நின்றது. “எனக்கு அவளை விட்டா யாரும் இல்லம்மா” என்றார் தணிந்த குரலில்.

“செத்தவருக்கும் வீட்ல யாராவது இருப்பாங்க இல்ல சார்?”

பில்டர் போனைக் காதில் வைத்தார். 

“வா” என்றார்.

*

ஐந்து நிமிடம் கழித்து, பில்டரும் இன்ஸ்பெக்டரும் ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்குள். கதவு ஒரு விரற்கடை திறந்து. பில்டரின் ஒரு கை அலமாரியோடு விலங்கில். வாய்க்கு முன்னால், சத்தம் போட்டால் திணிக்கத் தயாராக ஒரு பிடி வேஸ்ட் காட்டன்.

அவள் வந்தாள்.

கூலிங் கிளாஸ். குட்டையாக வெட்டிய முடி. தோளில் வரைபடம் சுருட்டி வைக்கும் நீளக் குழாய். பில்டர் மனைவி, அந்தக் கம்பெனியின் இன்ஜினியர்.

கிளட்சக்கா முதலில் பார்த்தது முகத்தை அல்ல. ஷூவை. மெல்லிய அடி. வலது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது. நாள் முழுக்க பெடல் மேல் குதிகாலை ஊன்றி ஓட்டுகிறவர்களின் ஷூ!

“எங்கே அவர்?”

“பாத்ரூம் போயிருக்கார் மேடம்.”

“சாக்கு?”

“அதோ.”

அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கணவரைப் போலவே. அப்புறம் டயர் மலையில் செருகியிருந்த காரைப் பார்த்தாள்.

“இதென்ன கோலம்? யார் இப்படி விட்டது?”

“சார்தான் மேடம். ஆசையா ஓட்டிப் பார்த்தார்.”

பில்டர் மனைவி சிரித்துவிட்டாள். நிஜமான சிரிப்பு.

“அவரா? அவருக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்னே தெரியாதே! இந்தக் கார்ல என்னைத் தவிர யாரும் கை வெச்சதில்ல.”

பார்ட்ஸ் அறைக்குள் ஏதோ ஒன்று விழுந்தது. கிளட்சக்கா பலமாக இருமினாள்.

“அப்போ நீங்களே கொஞ்சம் முன்னால எடுத்துடுங்க மேடம். எனக்குக் கையெல்லாம் கிரீஸ். சீட்டு கறையாயிடும்.”

பில்டர் மனைவி ஏறினாள். இடது கால் கேட்காமலே கிளட்சுக்குப் போனது. கியர் ராடை இடமும் வலமும் ஓர் ஆட்டு ஆட்டி நியூட்ரல் பார்த்தாள். ஸ்டார்ட் பண்ணினாள். முதல் கியர். கார் டயர் குவியலிலிருந்து வெண்ணெயில் கத்தி போல நழுவி வந்தது.

ஐயோ... என்ன கால்! கிளட்சக்காவுக்கு ஒரு கணம் கொலையெல்லாம் மறந்துவிட்டது. தன் பெடலை இவ்வளவு மரியாதையாக மிதித்த ஆளை அவள் பார்த்ததில்லை.

“நல்லா பண்ணியிருக்கீங்க” என்றாள் பில்டர் மனைவி ஜன்னல் வழியாக. “நானே இவ்வளவு எதிர்பார்க்கலை.”

“தேங்க்ஸ் மேடம்!” கிளட்சக்காவுக்கு வெட்கமே வந்துவிட்டது.

அப்போது பார்ட்ஸ் அறைக் கதவு படீரென்று திறந்தது.

“ஹேண்ட்ஸ் அப்!”

“மாப்ள! இன்னும் அவங்க சாவியை எடுக்கலை!”

பில்டர் மனைவியின் கண் இன்ஸ்பெக்டரைப் பார்த்தது. அவருக்குப் பின்னால், விலங்கோடு நின்ற கணவரைப் பார்த்தது. புரிந்துவிட்டது!

கதவு லாக் ஆகும் சத்தம், ‘க்ளக்!’

ஆக்ஸிலரேட்டரை அடிவரைக்கும் மிதித்தாள். எட்டு சிலிண்டர் எஞ்சின். நானூறு குதிரை. மஞ்சள் மின்னல்...

நடந்து போயிற்று!

*

தெருவே வேடிக்கை பார்த்தது.

நடுரோட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மணிக்கு ஒன்பது கிலோமீட்டரில் தப்பித்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்டர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வேகமாக நடந்தார். நாலு அடிக்கு ஒரு முறை மட்டும் ஓட வேண்டியிருந்தது. ஒரு சைக்கிள் பெல் அடித்துக் காரைத் தாண்டிப் போனது.

இன்ஸ்பெக்டர் ஜன்னலைத் தட்டினார்.

“மேடம், நிறுத்துங்க.”

“மாட்டேன்!” உள்ளே அவள் இரண்டாவது கியர் போட்டாள். மூன்றாவது போட்டாள். ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை.

“எதுக்கு மேடம் அந்த மனுஷனைக் கொன்னீங்க?”

“போய்யா!”

“எப்படியும் ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான் போறோம். சொல்லிக்கிட்டே வாங்களேன்!”

ஜன்னல் அரைச் சாண் இறங்கியது. உள்ளேயிருந்து வந்த குரலில் அழுகையும் ஆத்திரமும் கலந்திருந்தன.

“பதினோரு மாடிய்யா! என் டிசைன். தூண்ல கம்பி பத்தாது. எனக்கே கட்டி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த ஆள் கண்டுபிடிச்சிட்டார். அன்னிக்கே போய் ரிப்போர்ட் குடுக்கப் போறேன்னார். ஒரு வாரம் டைம் கேட்டேன், குடுக்கலை. என் பேரு... என் லைசென்ஸ்... இருபது வருஷ உழைப்பு...”

“அந்தக் கட்டடத்துல இப்ப ஆள் இருக்காங்களா?”

ஜன்னல் சரசரவென்று மேலே ஏறி மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. நடந்துகொண்டே வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். “கன்ட்ரோல்... ஃபயர் சர்வீஸை அனுப்புங்க. பில்டரோட அந்தப் பதினோரு மாடி. குழந்தைங்க, பெரியவங்க, எல்லாரையும் உடனே கீழே இறக்குங்க. ஒருத்தர் விடாம!”

பின்னால் ஓடி வந்துகொண்டிருந்த கிளட்சக்காவுக்கு அது காதில் விழுந்தது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஓடினாள். முன்னால் இறக்கம் ஒன்று தெரிந்தது. அதற்கப்பால் பெரிய ரோடு. இறக்கத்தில் விழுந்தால் காருக்கு எஞ்சின் எதற்கு? நியூட்ரலில் விட்டாலே பறந்துவிடுமே! நியூட்ரல் பார்க்கத் தெரிந்தவளாயிற்றே!

“மாப்ள, இறக்கம்! இறக்கம் வருது!”

இன்ஸ்பெக்டர் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. லாக்!

அப்போதுதான் அவளைத் தாண்டி யாரோ ஓடினார்கள்.

லேப்டாப்!

கை இடுக்கில் லேப்டாப். கழுத்தில் ஒயர். வாழ்க்கையில் பஸ்ஸுக்குக்கூட ஓடாதவன், காரின் மறுபக்க ஜன்னலை எட்டிப் பிடித்துவிட்டான்.

“மேடம்! மேடம்! எஞ்சின் கட்டிப் போட்டிருக்கு மேடம்! புரோகிராம் ஏத்தலை! ஒரே ஒரு ஒயர், உங்க கால் பக்கத்துல சொருகணும். ரெண்டே நிமிஷம். அப்புறம் பாருங்க, இருநூத்தி எண்பதுல பறக்கும்!”

பில்டர் மனைவி அவனைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். ஒன்பது. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் செருப்புக் கடை வாசலில் இடறி, ஒரு காலில் நொண்டிக்கொண்டிருந்தார்.

பிரேக் அடித்தாள்.

‘க்ளக்!’ லாக் திறந்தது.

“சீக்கிரம்!”

லேப்டாப் உள்ளே குனிந்தான். ஒயரை நீட்டினான். நீட்டிய கை வழியில் கொஞ்சம் வளைந்து, சாவியைத் திருகி, உருவிக்கொண்டு வெளியே வந்தது!

எஞ்சின் அடங்கியது.

அவள் கத்துவதற்குள் கிளட்சக்கா டிரைவர் பக்கக் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“மேடம்... கடைசியா நிறுத்தினீங்க பாருங்க... கிளட்சும் பிரேக்கும் சேர்த்து... அருமை!”

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர், விலங்கை மாட்டினார். பில்டர் மனைவி தலையை ஸ்டியரிங்கில் சாய்த்தாள். கை இரண்டும் மடியில் ஓய்ந்து கிடந்தன.

தூரத்தில் ஃபயர் சர்வீஸ் வண்டியின் சத்தம் கேட்டது. ஒன்று. பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் பதினோரு மாடியை நோக்கி.

இன்ஸ்பெக்டர் நெற்றி வியர்வையை வழித்தார். லேப்டாப்பின் தோளில் கை போட்டார்.

“சகலை... என்னா மூளைய்யா உங்களுக்கு! அவங்களை நிறுத்தறதுக்குத்தானே அந்தப் புரோகிராம் கதையை விட்டீங்க? இல்ல... நெஜமாவே ஏத்திக் குடுக்கத்தான் ஓடினீங்களா?”

லேப்டாப் சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“மெதுவா பேசுங்க சகலை... பில் பணம் இன்னும் வரலை, கஸ்டமர் காதுல விழுது!”